உள்நுழையாதவருக்குப் பக்கத்தை மூடுவது எங்கே, எப்படி?

மன்னார்குடிப் பக்கத்து உழவர் குழு ஒன்றுக்காக, செயலி இருக்கும் கணினியான சர்வரில் ஓடும் நிரல்மொழியான பிஎச்பியில் நீங்கள் எழுதிவரும் வலைச் செயலியில், உள்நுழைந்த உறுப்பினர்கள் மட்டும் பார்க்க வேண்டிய பக்கங்களை மற்றவர்கள் பார்க்காதபடி தடுப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். உள்நுழையாதவருக்கு மெனுவில் அந்த இணைப்புகள் தெரியாமல் மறைத்திருக்கிறீர்கள். உலாவி தனக்குள் குறிப்புகளைச் சேமிக்கும் இடமான லோக்கல் ஸ்டோரேஜில் ‘உள்நுழைந்தார்’ என்ற குறிப்பு இருக்கிறதா என்று, உலாவிக்குள் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் பார்த்து, இல்லாவிட்டால் லாகின் பக்கத்துக்குத் திருப்புகிறீர்கள். அப்படியும், வெளியேறிய பிறகு பேக் பட்டனை அழுத்தினால் பழைய பக்கம் வந்து நிற்கிறது. சம்பா கொள்முதல் தொடங்குவதற்குள் செயலியைத் திறந்தாக வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஒரே கேள்வி போலத் தோன்றினாலும் இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. வந்திருப்பவர் யார் என்பது ஒன்று. அவர் கேட்கும் பொருள் அவருக்கு உரியதா என்பது மற்றொன்று. பேக் பட்டன் இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது சங்கதி. அதைத் தனியாகச் சொல்கிறேன்.

கும்பகோணத்தில் இருந்துகொண்டு பதினெட்டு ஆண்டுகளாக அரிசி ஆலைகளுக்கும் கூட்டுறவு அமைப்புகளுக்கும் கல்லூரிகளுக்கும் இவ்வகைச் செயலிகளை எழுதியும், பிறர் எழுதியவற்றைச் சரிபார்த்தும் வருகிறேன். உங்கள் நிரலை நான் பார்க்கவில்லை. ஆகவே எல்லாச் செயலிகளுக்கும் பொருந்தும் உறுதியானவற்றையும், உங்கள் சூழலைப் பொறுத்து மாறக்கூடியவற்றையும், என் சொந்த விருப்பம் என்று மட்டுமே கொள்ள வேண்டியவற்றையும் அங்கங்கே பிரித்துச் சொல்ல முயல்கிறேன்.

முழு உறுதியோடு சொல்லக்கூடியது இது: உலாவிக்குள் ஓடும் எந்த நிரலும் பக்கத்துக்குக் காவல் ஆகாது. உலாவி பார்ப்பவரின் கையில் இருக்கும் கருவி. அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்ட எதையும் அவர் படிக்கலாம், மாற்றலாம், ஓடவிடாமல் நிறுத்தலாம். இப்போது உங்கள் சர்வர் உறுப்பினர் பட்டியலை முழுதாக அனுப்பிவிட்டு, ‘உள்நுழையாதவர் என்றால் லாகின் பக்கத்துக்குப் போ’ என்ற ஜாவாஸ்கிரிப்ட் வரியையும் அதோடு சேர்த்து அனுப்புகிறது. அந்த வரி ஓடுவதற்கு முன்பே பட்டியல் அவருடைய கணினியில் இறங்கிவிடுகிறது. ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிட்டுத் திறந்தாலோ, பக்கத்தின் மூலத்தைப் பார்த்தாலோ, உலாவி இல்லாமலே பக்கத்தைக் கேட்டு வாங்கும் கர்ல் போன்ற கருவியால் அந்த முகவரியைக் கேட்டாலோ பெயர், நிலப்பரப்பு, வங்கிக் கணக்கு எண் எல்லாம் அப்படியே தெரியும். மெனுவில் இணைப்பை மறைத்தது தவறில்லை. உள்நுழையாதவரைத் தேவையில்லாத இடத்துக்கு இட்டுச் செல்லாமல் இருப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் முகவரியை யாராவது வாட்ஸப்பில் அனுப்பிவிட்டால் மெனுவுக்கு வேலையே இல்லை. ஆகவே பக்கத்தைக் கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவு சர்வரில், பக்கத்தின் முதல் எழுத்து வெளியே போவதற்கு முன்னால் எடுக்கப்பட வேண்டும்.

சர்வர் அந்த முடிவை எடுக்க, வந்திருப்பவர் யார் என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி நெறிமுறைக்குத் தானாக நினைவு கிடையாது. ஒவ்வொரு கோரிக்கையும் முன்பின் தொடர்பில்லாத தனிக் கோரிக்கையாகவே வருகிறது. இந்தக் குறையை நிரப்பத்தான் 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்த லூ மான்டுல்லி, உலாவி வைத்திருந்து ஒவ்வொரு கோரிக்கையோடும் திருப்பி அனுப்பும் சிறு குறிப்பான குக்கியை உருவாக்கினார்; இணையக் கடையில் ஒருவர் கூடையில் எடுத்துவைத்த பொருள்களை நினைவில் கொள்வதே அப்போதைய தேவை. இன்று உள்நுழைவும் அதே வழியில்தான் நடக்கிறது. ராஜகோபாலசாமி கோயிலுக்குப் போகும்போது வாசலில் செருப்பை விட்டுவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்கிறோம் அல்லவா? டோக்கனில் ஒரு எண் மட்டுமே இருக்கிறது. செருப்பு அவர்களிடம், அடுக்கில் இருக்கிறது. ஒருவர் உள்நுழைந்தது முதல் வெளியேறும்வரை சர்வர் அவரை நினைவில் வைத்திருக்கும் செஷனும் அப்படித்தான். குக்கியில் இருப்பது நீளமான, ஊகிக்க முடியாத ஓர் எண். அந்த எண் யாருடையது, அவர் எப்போது உள்நுழைந்தார் என்ற விவரமெல்லாம் சர்வரின் அடுக்கில் இருக்கும். லோக்கல் ஸ்டோரேஜில் ‘உள்நுழைந்தார்’ என்று எழுதிவைத்து அதை நம்புவது, ஒருவர் வீட்டிலிருந்தே ஓர் அட்டையில் ‘நான் செருப்பு விட்டிருக்கிறேன்’ என்று எழுதிக்கொண்டு வந்து நீட்ட, காவலர் அடுக்கைத் திரும்பியும் பார்க்காமல் ஒரு ஜோடியை எடுத்துக் கொடுப்பதற்குச் சமம். சிலர் குக்கியைப் பயன்படுத்திக்கொண்டே, அதில் செஷன் எண்ணுக்குப் பதிலாக உறுப்பினர் எண்ணை நேரடியாக எழுதிவைப்பார்கள். 214 என்று இருப்பதை 215 என்று மாற்றினால் அடுத்த உறுப்பினராகிவிடலாம். ஊகிக்க முடியாத எண்ணை உண்டாக்கும் பொறுப்பைப் பிஎச்பியின் செஷன் வசதியிடமே விட்டுவிடுங்கள். அதைச் சொந்தமாக எழுத வேண்டாம்.

அடுத்தது, பிஎச்பியில் எழுதுபவர்களிடம் நான் மிக அதிகமாகக் கண்ட பிழை. செஷனைப் பார்த்து, உள்நுழையவில்லை என்றால் ‘லொகேஷன்’ என்ற ஹெடரை (பக்கத்துக்கு முன்னால் போகும் குறிப்பை) அனுப்பி லாகின் பக்கத்துக்குத் திருப்புவார்கள். அதற்கு அடுத்த வரியில், நிரலை அங்கேயே நிறுத்தும் ‘எக்ஸிட்’ போட மறந்துவிடுவார்கள். ஹெடர் கட்டளை, திருப்பிவிடும் செய்தியை எழுதி வைக்கிறதே தவிர நிரலை நிறுத்துவதில்லை. கீழே உள்ள வரிகள் எல்லாம் வழக்கம்போல ஓடி முழுப் பக்கத்தையும் வெளியே அனுப்புகின்றன. உலாவி திருப்பல் செய்தியைக் கண்டதும் மீதியைக் காட்டாமல் லாகின் பக்கத்துக்குப் போய்விடுவதால், எழுதியவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் திருவாரூர்ப் பக்கத்து அமைப்பு ஒன்றின் செயலியைப் பார்த்துத் தரும்படி என்னை அழைத்தார்கள். குக்கி எதுவும் இல்லாமல் கர்லில் உறுப்பினர் பக்கத்தைக் கேட்டேன். திருப்பல் செய்திக்குக் கீழே எழுநூறு பேருக்கு மேற்பட்டவர்களின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் வரிசையாக வந்து விழுந்தன. இரண்டு ஆண்டுகளாக அது அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. உலாவியில் பார்த்த ஒருவருக்கும் தெரியவில்லை. அன்று நான் மிகவும் கலங்கிப்போனேன், ஏனென்றால் அந்தப் பட்டியலில் இருந்தவர்கள் தங்கள் எண்களை நம்பிக்கையோடு கொடுத்த சிறு விவசாயிகள். இந்தப் பிழைக்குத் ‘திருப்பலுக்குப் பின்னும் ஓடுதல்’ என்று பெயரே இருக்கிறது. சாண்டா பார்பராவில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ல் இதற்கென்றே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்கள். பக்கத்தைக் காட்டுவதோடு இது நிற்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். பதிவை நீக்கும் பக்கத்தில் எக்ஸிட் இல்லாவிட்டால், உள்நுழையாத ஒருவர் அந்த முகவரியைத் தொட்டவுடன் திருப்பலும் நடக்கும், நீக்கமும் நடந்துவிடும்.

இந்தச் சோதனையை எங்கே வைப்பது என்பதில்தான் என் கவனத்தின் பெரும்பகுதி எப்போதும் இருக்கும். சாதாரண பிஎச்பியில் ஒவ்வொரு கோப்பும் தனி முகவரி. நாற்பது கோப்புகள் இருந்தால் நாற்பதின் தலையிலும் சோதனைக் கோப்பைச் சேர்க்க வேண்டும். முப்பத்தெட்டில் நினைவாகச் சேர்ப்பீர்கள். விடுபடுகிற இரண்டும் ஒருபோதும் முகப்புப் பக்கமாக இருக்காது. அச்சிடுவதற்கென்று எழுதிய பக்கம், எக்செல் கோப்பாக இறக்கிக் கொடுக்கும் பக்கம், ஜாவாஸ்கிரிப்ட் பின்னணியில் கூப்பிடும் சின்னக் கோப்பு, இவைதான் விடுபடும். விவரங்கள் மொத்தமாகக் குவிந்திருப்பதும் இவற்றில்தான். ஒவ்வொரு வயலின் வாமடையாகப் போய் மண்ணை வெட்டி அடைத்துத் தண்ணீரை நிறுத்த முயல்வது போன்றது இது. எங்கோ ஒரு மடை விட்டுப்போகும். தலைப்பில் மதகை இறக்கினால் வாய்க்கால் முழுவதும் நிற்கிறது. செயலியிலும் அப்படி ஒரு தலைப்பை உண்டாக்கலாம். எல்லாக் கோரிக்கைகளும் ஒரே ஒரு இன்டெக்ஸ் கோப்பின் வழியாக வரும்படி சர்வரை அமைத்து, மற்ற பிஎச்பி கோப்புகளை எல்லாம் வெளியிலிருந்து நேரடியாகத் தொட முடியாத அடைவுக்கு நகர்த்திவிடுங்கள். செஷன் சோதனை அந்த ஒரே இடத்தில் இருக்கட்டும்.

அந்தத் தலைமதகு எந்த நிலையில் நிற்க வேண்டும் என்பதும் முக்கியம். ‘இந்தப் பக்கங்களுக்கு மட்டும் உள்நுழைவு தேவை’ என்று பட்டியல் எழுதினால், நாளை நீங்கள் சேர்க்கும் புதிய பக்கம் பட்டியலில் ஏறும்வரை திறந்தே கிடக்கும். மாறாக, எல்லாம் மூடியிருக்கட்டும்; லாகின் பக்கம், கடவுச்சொல் மறந்தவருக்கான பக்கம், பொது அறிவிப்பு, அன்றைய நெல் விலை ஆகியவை மட்டும் திறந்தவை என்று எழுதுங்கள். அப்போது புதிய பக்கத்தை நீங்கள் மறந்தால், அது யாருக்கும் தெரியாமல் போய் உறுப்பினர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்பார். அதுவே அந்த மறதியால் வரும் அதிகபட்சத் தொல்லை. முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில் ஷட்டர்கள் இறக்கியே இருக்கும், முறை வந்த வாய்க்காலுக்கு மட்டும் ஷட்டரைக் கவனிக்கும் பணியாளரான லஸ்கர் ஏற்றிவிடுவார் என்பதை டெல்டாக்காரரான உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கணினித் துறையில் இந்தக் கொள்கையை ஜெரோம் சால்ட்ஸரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975-லேயே தங்கள் கட்டுரையில் தெளிவாக எழுதிவிட்டார்கள்: அனுமதி இருப்பதைச் சொல், தடையை இயல்பாக வை, ஒவ்வொரு அணுகலையும் ஒவ்வொரு முறையும் சோதி. ஆனாலும் கருவிகள் அதற்கு மெதுவாகவே வந்து சேர்ந்தன. பைத்தான் நிரல்மொழியில் செயலி எழுதப் புகழ்பெற்ற ஆயத்தக் கட்டமைப்பான (ஃபிரேம்வொர்க்) ஜாங்கோவில், எல்லாப் பக்கங்களுக்கும் உள்நுழைவை இயல்பாக்கும் மிடில்வேர் (கோரிக்கை பக்கத்தைச் சேருமுன் இடையில் நின்று சோதிக்கும் நிரல்) உடன்வரும் வசதியாகச் சேர்ந்தது 2024-ல் வந்த 5.1 பதிப்பில்தான், அதுவரை ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் நாமே எழுத வேண்டியிருந்தது. பிஎச்பியில் லாரவேல் என்ற ஃபிரேம்வொர்க்கைப் பயன்படுத்தினால், முகவரிகளை ஒரு குழுவாக்கி அதன் மேல் ‘ஆத்’ மிடில்வேரைப் போட்டுவிடலாம். உங்கள் செயலி இன்னும் சிறியதாக இருப்பதால் இப்போதே லாரவேலுக்கு மாறுங்கள் என்பது என் விருப்பம். இது விருப்பம்தான், முறையாக எழுதிய சாதாரண பிஎச்பியும் போதுமானதே.

தலைமதகை மட்டும் நம்பிக் கடைமடையைக் கவனிக்காமல் விடுவதும் சரியல்ல. 2025 மார்ச்சில் நெக்ஸ்ட் ஜேஎஸ் என்ற பரவலான ஃபிரேம்வொர்க்கில் ஒரு பெரிய ஓட்டை வெளிவந்தது. பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2025-29927 என்று அதற்கு எண். மிடில்வேர் தன்னைத் தானே திரும்பத் திரும்பக் கூப்பிட்டுச் சுழலில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, அது உள்ளுக்குள் ஒரு ஹெடரைப் பயன்படுத்திவந்தது. வெளியாள் ஒருவர் தன் கோரிக்கையோடு அதே ஹெடரைச் சேர்த்து அனுப்பினால், ‘இது ஏற்கெனவே சோதித்தது’ என்று எண்ணி மிடில்வேர் விலகி வழிவிட்டது. உள்நுழைவுச் சோதனையை மிடில்வேரில் மட்டுமே வைத்து, செயலியைச் சொந்த சர்வரில் நடத்தியவர்களின் உள்பக்கங்கள் எல்லாம் அதனால் திறந்துபோயின. விவரத்தை டேட்டாபேஸிலிருந்து எடுக்கும் இடத்திலும் ஒரு சோதனை வைத்திருந்தவர்களுக்கு அந்த விவரம் வெளியே போகவில்லை. தலைப்பில் ஒன்று, விவரத்தின் வாசலில் ஒன்று என இரண்டு இடத்தில் சோதிப்பதை வீண் வேலை என்று எண்ணாதீர்கள்.

விவரத்தின் வாசலில் வைக்கும் சோதனை, நான் முதலில் சொன்ன இரண்டாவது கேள்விக்கும் விடையாக அமைகிறது. உள்நுழைந்திருக்கிறார் என்பதற்காக எல்லாம் அவருக்கு உரியதாகிவிடாது. ஓர் உறுப்பினர் தன் கொள்முதல் ரசீதைப் பார்க்கிறார். முகவரியின் கடைசியில் ரசீது எண் 118 என்று இருக்கிறது. அதை 119 என்று மாற்றினால் பக்கத்து வயல்காரர் எத்தனை மூட்டை போட்டார், அவருக்கு எவ்வளவு பணம் வர வேண்டும், எந்த வங்கியில் கணக்கு என்பதெல்லாம் தெரிந்துவிடும். இருவருமே முறையாக உள்நுழைந்த உறுப்பினர்கள் என்பதால் உள்நுழைவுச் சோதனை இதைப் பிடிக்காது. ஊருக்குள் ஒருவர் கடன் இன்னொருவருக்குத் தெரிவது எத்தனை மனத்தாங்கலில் போய் முடியும் என்பதை நம் பக்கத்தில் வாழ்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அமெரிக்காவில் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் ஃபைனான்ஷியல் என்ற சொத்துரிமைக் காப்பீட்டு நிறுவனத்தின் தளத்தில், முகவரியில் இருந்த எண்ணை மாற்றுவதாலேயே சுமார் 88.5 கோடி ஆவணங்களைப் பார்க்க முடிந்தது என்பது 2019 மே மாதம் வெளியானது. அங்கே உள்நுழைவுகூடத் தேவைப்படவில்லை. வலைச் செயலிகளின் பாதுகாப்பை ஆராயும் ஓவாஸ்ப் அமைப்பு 2017-ல் ஐந்தாம் இடத்தில் வைத்திருந்த அணுகல் கட்டுப்பாட்டுக் குறைபாட்டை 2021 பட்டியலில் முதல் இடத்துக்கு ஏற்றியது.

இதற்கான மருந்து எளியது. ‘119 என்ற ரசீதைக் கொடு’ என்று டேட்டாபேஸிடம் கேட்காதீர்கள். ‘119 என்ற எண்ணுள்ள, செஷனில் இருக்கும் இந்த உறுப்பினருக்குச் சொந்தமான ரசீதைக் கொடு’ என்று ஒரே வினவலில் இரண்டு நிபந்தனையையும் வையுங்கள். உறுப்பினர் எண்ணைச் செஷனிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். படிவத்தில் மறைத்துவைத்த புலத்திலிருந்தோ முகவரியிலிருந்தோ எடுத்தால் மறுபடி உலாவியை நம்பியவர்களாகிவிடுவோம். செயலாளர், கணக்கர், உறுப்பினர் என்ற பொறுப்பு வேறுபாடும் அப்படியே சர்வரின் பக்கம் இருக்கட்டும். பொருந்தும் பதிவு கிடைக்காவிட்டால் 403 (உரிமை இல்லை) அனுப்புவதா 404 (அப்படி ஒன்று இல்லை) அனுப்புவதா என்று நிரலாளர்கள் வாதிடுவதுண்டு. ‘உனக்கு உரிமை இல்லை’ என்று சொல்வதே அப்படி ஒரு பொருள் இருப்பதைக் காட்டிக்கொடுக்கும் என்பதால், தனிப்பட்ட ரசீதுகளுக்கு நான் 404 என்றே அனுப்புகிறேன். உள்நுழையவே இல்லாதவர் சாதாரணப் பக்கத்தைக் கேட்டால் லாகின் பக்கத்துக்குத் திருப்புங்கள். ஜாவாஸ்கிரிப்ட் பின்னணியில் கேட்கும், விவரத்தை மட்டும் கொடுக்கும் ஏபிஐ முகவரியாக இருந்தால் 401 (உள்நுழைய வேண்டும்) அனுப்புங்கள், இல்லாவிட்டால் லாகின் பக்கத்தின் எச்டிஎம்எல்லை விவரம் என்று எண்ணி அது திணறும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. உறுப்பினர்கள் சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தக முதல் பக்கம் ஆகியவற்றைப் படமெடுத்து ஏற்றுவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவை ‘அப்லோட்ஸ்’ என்ற பொது அடைவில் போய்ச் சேர்ந்தால், அவற்றைக் கேட்கும் கோரிக்கை உங்கள் பிஎச்பியைத் தொடாமலே போகிறது. படத்தை வலைச் சர்வரே நேராக எடுத்துக் கொடுத்துவிடும். நீங்கள் எழுதிய சோதனை எதற்கும் அங்கே வாய்ப்பில்லை. கோப்புகளைப் பொது அடைவுக்கு வெளியே வையுங்கள். அவற்றை எடுத்துக் கொடுக்க ஒரு பிஎச்பி பக்கம் எழுதி, அதே இரட்டை நிபந்தனையோடு சோதித்த பிறகு அனுப்புங்கள். தேடுபொறிகளுக்கான ரோபாட்ஸ் கோப்பில் அந்த அடைவைத் தடுத்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். அந்தக் கோப்பு யாரும் திறந்து படிக்கக்கூடியது. ‘இங்கே வராதே’ என்று எழுதிவைப்பது, அங்கே ஏதோ இருக்கிறது என்று வழி காட்டுவதாகவும் ஆகிவிடும்.

இனி பேக் பட்டன். வெளியேறிய பிறகு பழைய பக்கம் தெரிவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்; உங்களுடையது எது என்பதை நிரலைப் பார்க்காமல் நான் சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். அந்தப் பழைய பக்கம் தெரியும்போது ரீலோட் செய்து பாருங்கள். லாகின் பக்கம் வந்தால் சர்வர் சரியாக மூடியிருக்கிறது. நீங்கள் கண்டது உலாவி தன்னிடம் எடுத்துவைத்திருந்த பழைய நகல். ரீலோட் செய்தும் அதே பக்கம் வந்தால், வெளியேறுதலே நடக்கவில்லை என்று பொருள். இப்போதுள்ள உங்கள் அமைப்பில் சர்வர் யாரையும் தடுக்காததால் இரண்டாவதுதான் நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன். செஷன் முறைக்கு மாறிய பின், வெளியேறும்போது உலாவியின் குக்கியை நீக்குவதோடு நிறுத்தாமல் சர்வரில் உள்ள செஷனையும் அழியுங்கள். டோக்கனைக் கிழித்தாலும் அடுக்கில் இருப்பதைக் காலி செய்யாவிட்டால், அதே எண்ணை நகலெடுத்து வைத்திருப்பவர் உள்ளே வரலாம்.

பழைய நகல் பிரச்சினைக்கு, உள்பக்கங்கள் எல்லாவற்றோடும் நகல் எடுத்துவைக்காதே என்று சொல்லும் ‘கேச் கன்ட்ரோல்: நோ ஸ்டோர்’ என்ற ஹெடரை அனுப்புங்கள். இதைத் தலைமதகிலேயே, செஷன் சோதனைக்கு அடுத்து ஒரே வரியில் செய்துவிடலாம். இருந்தாலும் பேக் பட்டனுக்காக உலாவிகள் நினைவகத்தில் வைத்திருக்கும் முழுப் பக்க நகலை எப்போது கைவிடுகின்றன என்பது உலாவிக்கு உலாவி, பதிப்புக்குப் பதிப்பு வேறுபடும். எனவே பக்கம் திரைக்கு வரும்போது நடக்கும் ‘பேஜ்ஷோ’ நிகழ்வில் பக்கம் அந்த நகலிலிருந்து வந்ததா என்று பார்த்து, வந்திருந்தால் ரீலோட் செய்யும் சிறு ஜாவாஸ்கிரிப்ட்டையும் நான் சேர்ப்பேன். இங்கே ஜாவாஸ்கிரிப்ட் காவலாக நிற்கவில்லை. சர்வர் சரியாக மூடிய பிறகு, திரையில் எஞ்சியதைத் துடைக்கும் துணையாக மட்டும் இருக்கிறது. நகரத்து அலுவலகச் செயலிக்கு இதை நான் இவ்வளவு வலியுறுத்த மாட்டேன். உங்கள் உறுப்பினர்களில் பலர் இ-சேவை மையத்துக் கணினியிலோ, ஜெராக்ஸ் கடையிலோ, மகனின் கைபேசியிலோதான் பார்ப்பார்கள். ஒருவர் எழுந்ததும் அடுத்தவர் அதே நாற்காலியில் உட்காரும் இடங்களில், பேக் பட்டன் சாதாரணக் குறை ஆகாது.

செஷன் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்க வேண்டும் என்பதில் எல்லாருக்கும் பொருந்தும் விடை கிடையாது. பிஎச்பியின் இயல்பு அமைப்பில் 1440 நொடி, அதாவது 24 நிமிடம் தொடப்படாத செஷன் விவரம் துடைக்கத் தக்கதாகிவிடும். பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிரும் மலிவு ஹோஸ்டிங்கில், எல்லாருடைய செஷன் கோப்புகளும் ஒரே அடைவில் கிடந்தால், மிகக் குறைந்த நேரம் வைத்திருப்பவரின் துடைப்பு மற்றவர்களுடையதையும் துடைத்துவிடும். உங்களுக்கென்று தனி செஷன் அடைவை வைத்துக்கொள்ளுங்கள். பார்ப்பதற்கு மட்டும் வரும் உறுப்பினருக்கு அரை மணி நேரம் போதும் என்பது என் கணிப்பு. நீண்ட படிவத்தைப் பொறுமையாக நிரப்பும் முதியவர் சேமிக்கும் தருணத்தில் லாகின் பக்கத்துக்குத் தள்ளப்பட்டால், அவர் மறுபடி அந்தச் செயலியைத் தொடவே மாட்டார். நிரப்பியதைக் காப்பாற்றி வைத்து, உள்நுழைந்தவுடன் திரும்பக் கொடுக்க வழி செய்யுங்கள். உள்நுழைந்த பின் அவர் முதலில் கேட்ட பக்கத்துக்கே கொண்டுபோய் விடுவதும் நல்லது. ஆனால் அந்த முகவரி உங்கள் தளத்துக்குள் இருப்பதுதானா என்று பார்த்துவிட்டே திருப்புங்கள். இரட்டைச் சாய்கோட்டில் (//) தொடங்கும் முகவரி உள்முகவரி போலத் தெரிந்தாலும் வெளித்தளத்துக்கு இட்டுச் செல்லும்.

டோக்கனை வைத்திருப்பவருக்கே செருப்பு என்பதால், குக்கியைக் காப்பதும் பக்கத்தைக் காப்பதன் ஒரு பகுதி. கடவுச்சொல் சரியானதும் செஷன் எண்ணைப் புதிதாக மாற்றுங்கள். குக்கியில் எச்டிடிபி ஒன்லி (ஜாவாஸ்கிரிப்ட் படிக்க முடியாது), செக்யூர் (மறையாக்கிய இணைப்பில் மட்டும் போகும்), சேம்சைட் லாக்ஸ் (பிற தளங்களிலிருந்து எழும் பெரும்பாலான கோரிக்கைகளோடு போகாது) ஆகிய மூன்று அடையாளங்களையும் வையுங்கள். தளம் முழுவதும் மறையாக்கிய இணைப்பான எச்டிடிபிஎஸ்ஸில் ஓடட்டும். லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு 2015 முதல் அதற்கு வேண்டிய சான்றிதழை இலவசமாகவே கொடுத்துவருகிறது. கடவுச்சொல்லை அப்படியே சேமிக்காமல் உருமாற்றி வைத்துச் சரிபார்க்க, 2013-ல் பிஎச்பி 5.5 பதிப்போடு வந்த பாஸ்வேர்ட் ஹாஷ், பாஸ்வேர்ட் வெரிஃபை என்ற இரண்டும் போதும். செஷனுக்குப் பதில் ஜேடபிள்யூடி (உறுப்பினர் விவரத்தைச் சர்வரின் கையொப்பத்தோடு தனக்குள்ளேயே சுமந்து வரும் டோக்கன்) பயன்படுத்தச் சொல்லி உங்களுக்கு ஒருவர் அறிவுரை கூறியிருப்பதையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அனுபவசாலிகளிடையே கருத்து வேறுபாடு உள்ள இடம் இது. பல சர்வர்கள், தனிக் கைபேசிச் செயலி என்று விரிந்த அமைப்புக்கு அது பொருந்தலாம். ஒரு சர்வர், சில நூறு உறுப்பினர்கள் என்ற அளவில், கொடுத்த டோக்கனைக் காலம் முடிவதற்குள் திரும்பப் பெறச் சர்வரில் தனிப்பட்டியல் வைக்க வேண்டிய அந்த முறையைவிடச் செஷனே நல்லது என்று நான் கருதுகிறேன்.

எழுதி முடித்ததும் உங்கள் கண்ணை நம்பாமல் சோதியுங்கள். செயலியில் உள்ள எல்லா முகவரிகளையும், அச்சு, எக்செல், ஏபிஐ, கோப்பு முகவரிகள் உட்பட, ஒரு தாளில் எழுதிக்கொண்டு, குக்கி இல்லாமல் ஒவ்வொன்றையும் கர்லில் கேளுங்கள். திருப்பல் வருகிறதா என்று பார்ப்பதோடு, அதற்குக் கீழே ஓர் எழுத்தும் வரவில்லை என்பதையும் பாருங்கள். பிறகு இரண்டு போலி உறுப்பினர்களை உண்டாக்கி, ஒருவராக உள்நுழைந்து மற்றவரின் ரசீது, படம், படிவம் ஒவ்வொன்றையும் கேட்டுப் பாருங்கள். இதை ஒரு சிறு நிரலாக எழுதிவைத்து, செயலியில் கை வைக்கும் ஒவ்வொரு முறையும் ஓட்டினால், ஆறு மாதம் கழித்துச் சேர்க்கும் பக்கமும் தப்பாது.

ஆதார் எண்ணைச் சேமிக்க வேண்டுமா என்பதைக் குழுவின் நிர்வாகிகளோடு உட்கார்ந்து பேசுங்கள். ரசீது காட்டுவதற்கு அது தேவைப்படாது, நம்மிடம் இல்லாததை யாரும் எடுத்துச் செல்லவும் முடியாது. 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு இல்லாமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடம் தருகிறது. உங்களைப் போன்ற சிறு குழுவுக்கு அதன் எந்தெந்தக் கடமைகள் எந்த அளவில் பொருந்தும் என்பதைச் சட்டம் படித்தவரிடம்தான் கேட்க வேண்டும். அது என் துறை அல்ல.

சம்பா கொள்முதலுக்குள் எல்லாவற்றையும் முடிக்க முடியுமா என்ற கவலை உங்கள் எழுத்தில் தெரிகிறது. இரண்டு கட்டமாகத் திறக்கலாம். அறிவிப்பு, விலை, குழுவின் தொடர்பு எண் ஆகிய பொதுப் பக்கங்களை இப்போதே திறந்துவிடுங்கள். ரசீதும் படங்களும் உள்ள பகுதியை, இரண்டு போலி உறுப்பினர் சோதனை தவறில்லாமல் முடியும்வரை சர்வரிலேயே ஏற்றாமல் உங்கள் கணினியில் வைத்திருங்கள். அதுவரை செயலாளர் இப்போது கொடுப்பதுபோலத் தாள் ரசீதே கொடுக்கட்டும். பொது அடைவில் உண்மையான உறுப்பினர்களின் படங்கள் ஏற்கெனவே ஏறியிருந்தால், மற்ற எதையும் தொடுவதற்கு முன் இன்றே அவற்றை அங்கிருந்து எடுத்துவிடுங்கள்.